ஆண்மைக் குறைவா, பசியும் களைப்புமா?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் மத்தியில் பணியாற்றும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "முன்னர் போல மண்வெட்டி பிடிக்க இயலவில்லை, எதிலும் நாட்டமில்லை, மனைவியோடு சேர்ந்து வாழவும் மனமில்லை" என்று நடுத்தர வயது ஆண்கள் தயக்கத்தோடு கூறுகின்றனர். இதனை அவர்கள் வைத்தியரிடம் சொல்வதில்லை, மனைவியிடமும் சொல்வதில்லை. ஈற்றில் சந்தையில் விற்கப்படும் லேகியத்துக்கும் "ஆண்மை" மாத்திரைக்கும் காசைக் கொடுக்கின்றனர். பிள்ளைகளின் கொப்பிக்கோ, விதைநெல்லுக்கோ உதவக்கூடிய காசு அது. ஆகவே இவ்விடயத்தை வெட்கமின்றி விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

உடலில் நடப்பது என்ன?

ஆணின் தசை வலு, எலும்பின் உறுதி, தாடி மீசை, பாலுணர்வு, விந்தணு உற்பத்தி ஆகியவற்றுக்குத் தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோன் தேவை. இதன் பெரும்பகுதி விதைகளில் உற்பத்தியாகிறது. ஆனால் விதைகள் தாமாகவே இயங்குவதில்லை. மூளையின் கட்டளையைப் பெற்று, அதன் அடியிலுள்ள கபச்சுரப்பி இரத்தத்தின் மூலம் தூது அனுப்பினால்தான் அவை இயங்கும்.

குளத்தில் நீர் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடி, சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் மட்டுமே என்று தீர்மானித்துத் துருசைச் சிறிதளவே திறக்கிறோம். மூளையும் அவ்வாறே செய்கிறது. உணவு, உறக்கம், மன அமைதி ஆகியன குறையும்போது, உயிரைக் காப்பதே முதல் வேலை என்று எண்ணி, இந்த ஓமோனுக்கான துருசை ஒடுக்கிவிடுகிறது. இவ்வாறு வரும் குறைவு பெரும்பாலும் நிலையானதன்று. குளம் நிரம்பினால் துருசு மீண்டும் திறக்கும்.

பசியின் பங்கு

1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஒரு பரிசோதனைக்கு உட்பட்டனர். போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்று அறிவதே அதன் நோக்கம். ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே கொடுக்கப்பட்டது. அவர்கள் தமது நிறையில் காற்பங்கு அளவை இழந்தனர். உடல் சோர்ந்தது, மனம் வாடியது, பாலுணர்வும் மங்கியது. நன்கு உணவு கொடுக்கப்பட்டபின் இவை படிப்படியாகத் திரும்பின. ஆனால் சில நாட்களில் அன்று. பல மாதங்கள் சென்றன.

எனவே நிவாரண அரிசியிலும் பருப்பிலும் காலந்தள்ளிய ஒருவர், தம்மிடம் வலு இல்லையென்று உணர்ந்தால் அது அவரது ஆண்மைக்கு நேர்ந்த இழுக்கன்று. பசித்த உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

உணவில் நாகச்சத்தும் முக்கியமானது. மிகச் சிறிதளவே தேவைப்பட்டாலும், அது இல்லையேல் ஆண் உடல் முதிர்ச்சியடையாது. ஈரான் நாட்டுக் கிராமங்களில் இருபது வயதைத் தாண்டியும் சிறுவர் போலவே தோன்றிய இளைஞர்களைப் பற்றி டாக்டர் ஆனந்த பிரசாத் 1961இல் எழுதினார். அவர்களது உணவு பெரும்பாலும் ரொட்டியாகவே இருந்தது. பின்னர் எகிப்தில் இத்தகைய இளைஞர்களிடம் நாகச்சத்துக் குறைபாடு காணப்பட்டது. அச்சத்தைக் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தனர். பருவ மாற்றங்களும் ஏற்பட்டன. எனினும், உடலில் போதிய நாகம் உள்ளவர் மேலதிகமாக மாத்திரை விழுங்குவதால் வலு கூடுவதில்லை.

முட்டை, இறைச்சி, நண்டு, மீன், நெத்தலிக் கருவாடு, எள்ளு, கச்சான், பயறு, கௌபி ஆகியவற்றில் இச்சத்து உண்டு. தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் உள்ள ஒரு பொருள் நாகத்தை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கிறது. பயறையும் கௌபியையும் இரவில் ஊறவைத்து, முளைகட்டி அவித்தால் அப்பொருள் குறையும். இதற்குச் செலவில்லை, ஒரு பாத்திரமும் ஈரத்துணியும் போதும்.

இதனை வைத்து "ஆணுக்கு முட்டை, மற்றவர்களுக்குக் கஞ்சி" என்று எவரும் கொள்ளலாகாது. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அதே உணவு தேவை.

உறக்கமும் உடல் நிறையும்

இந்த ஓமோனின் பெரும்பகுதி உறக்கத்தின்போதே சுரக்கிறது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், சுகதேகிகளான 10 இளைஞர்கள் ஒரு வாரம் இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டுமே உறங்கினர். அவர்களது பகல்நேரத் தெஸ்தெஸ்தரோன் அளவு நூற்றுக்கு 10 முதல் 15 வரை குறைந்தது. ஒழுகும் கூரையும் பயமும் பழைய நினைவுகளும் உறக்கத்தைக் கெடுப்பதை நாம் அறிவோம். யானைக் காவலை முறைவைத்துப் பகிர்ந்தால் ஒருவரே தொடர்ந்து விழித்திருக்க வேண்டியதில்லை. துயரத்தினால் வாரக்கணக்கில் உறங்க இயலாதவர் வைத்தியரிடம் கூறுவது நல்லது. அதற்கும் சிகிச்சை உண்டு.

மறுபுறம், நிலமின்றி நகர்ப்புறத்தில் இருந்தபடி பாணும் சீனித் தேநீருமாக வாழ்பவரிடம் வயிறு பெருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு இந்த ஓமோனின் ஒரு பகுதியைப் பெண் ஓமோனாக மாற்றிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடமும் அதன் அளவு குறைந்திருப்பது வழக்கம். நிறையைக் குறைத்தால் அளவு உயரும். ஒரு பரப்புக் காணியில் தோட்டம் செய்வதும் இதற்கு மருந்தே.

நஞ்சுகள்

கசிப்பும் அளவுமீறிய சாராயமும் விதைகளையும் மூளையின் கட்டளையையும் ஒருங்கே கெடுக்கின்றன. "வலுவுக்காக" குடிப்பவர் வலுவையே விற்றுக் குடிக்கிறார்.

விவசாய நஞ்சுகளிலும் கவனம் தேவை. 1977இல் கலிபோர்னியாவில், மண்ணிலுள்ள வட்டப்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில், பிள்ளை பிறக்கவில்லையே என்று தொழிலாளர் தம்முள் பேசிக்கொண்டனர். பரிசோதித்தபோது பலரிடம் விந்தணுக்கள் மிகக் குறைவாகவோ முற்றாக இல்லாமலோ இருந்தன. மத்திய அமெரிக்க வாழைத்தோட்டத் தொழிலாளரும் இதே மருந்தால் பாதிக்கப்பட்டனர். எல்லா மருந்துகளும் இதைப்போன்றவை அல்ல. ஆயினும் கையுறையின்றிக் கலப்பதும், காற்றுக்கு எதிரே தெளிப்பதும், தெளித்த உடையோடு உணவருந்துவதும், வெற்றுப் போத்தலில் தண்ணீர் வைப்பதும் கூடாது. நஞ்சை உறங்கும் குடிசைக்குள் வைக்கவும் கூடாது.

எப்போது வைத்தியரிடம் செல்ல வேண்டும்?

உணவும் உறக்கமும் சீரான பின்னரும் சில மாதங்களாகப் பாலுணர்வோ விறைப்போ திரும்பாவிடில், மார்பு வீங்கினால், விதையில் கட்டி தென்பட்டால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கு சிகிச்சை இலவசம். இந்த ஓமோனுக்கான இரத்தப் பரிசோதனையைக் காலையிலே, இரு வேறு நாட்களில் செய்தே முடிவு கூறவேண்டும். ஏனெனில் அதன் அளவு காலையில் உயர்ந்தும் பின்னர் தாழ்ந்தும் இருக்கும். ஆண் குழந்தையின் விதை ஆறு மாதமாகியும் பைக்குள் இறங்காவிடில் தாமதிக்கலாகாது.

ஓராண்டாகப் பிள்ளைக்காகக் காத்திருந்தும் கருத்தரிக்கவில்லையெனில் கணவனும் மனைவியும் இருவருமே பரிசோதனைக்குச் செல்லவேண்டும். காரணம் ஆணிடமும் இருப்பது சாதாரணம். மனைவியை மட்டும் "மலடி" என்பது அநியாயம்.

ஊசி மூலம் இந்த ஓமோனை ஏற்றினால் வலு வரும் என்று கூறுவோரை நம்பவேண்டாம். வெளியிலிருந்து ஓமோன் வந்தால் மூளை தனது துருசை மூடிவிடும். விந்தணு உற்பத்தியும் நின்றுபோகலாம். உண்மையான நோயுள்ளவருக்கு வைத்தியர் தீர்மானித்துக் கொடுக்கவேண்டிய மருந்து அது.

லேகியம் வாங்கும் முன்னர் மூன்று கேள்விகளை நாமே கேட்டுக்கொள்வோம். மூன்று வேளையும் உண்கிறோமா? இரவில் ஏழு மணித்தியாலம் உறங்குகிறோமா? மனத்துயரை மனைவியிடமாவது சொல்லியிருக்கிறோமா? "இல்லை" என்பது விடையானால், குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் காசுக்கு ஒரு பேட்டுக்கோழி வாங்கினால், முழுக் குடும்பமும் முட்டை உண்ணலாம்.