பெயர்ப்பலகையும் பிறந்த தெருவும்: நியூ ஓர்லியன்ஸ் தன் கலைஞரைப் போற்றிய கதை

ஒரு நகரம் தன் கலைஞரையும் பொதுத்தொண்டரையும் இரு வகையாகப் போற்றலாம். அவர்கள் மறைந்தபின் வீதிக்கும் பூங்காவுக்கும் அவர்தம் பெயரைச் சூட்டிச் சிலை நாட்டுதல் ஒரு வகை. அவர்கள் வாழும் தெருவையும், அவர்களை வளர்த்த சங்கத்தையும், அவர்களிடம் பாடங்கேட்கும் பிள்ளைகளையும் காத்தல் மற்றொரு வகை. முன்னையது எளிது, ஒரு நாள் விழாவோடு முடிந்துவிடும். பின்னையது அரிது; நாள்தோறும் செய்யவேண்டியது. இவ்விரண்டும் ஒரே நகரத்தில் எவ்வாறு ஒன்றோடொன்று மோதின என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் தக்கதோர் எடுத்துக்காட்டு.

மிசிசிப்பி ஆறு கடலை அணுகும் இடத்தில் 1718ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம் அது. பின்னர் ஸ்பானியர் கையில் இருந்து, மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் சென்று, 1803இல் லூசியானாப் பெருநிலத்தோடு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒன்றுகூடி முரசறைந்து ஆடிப் பாடுவது வழக்கம். 1817இல் நகர நிருவாகம் அக்கூட்டங்களை ஓரிடத்திற்கு மட்டும் கட்டுப்படுத்தியது. திரெமே என்னும் குடியிருப்பின் ஓரத்தே இருந்த அந்த வெளியே கொங்கோ சதுக்கம் எனப் பெயர்பெற்றது. பிற்காலத்தில் ஜாஸ் என உலகம் போற்றிய இசையின் வேர்களுள் ஒன்று அம்மண்ணிலே ஊன்றியது என்பர்.

வேர் ஊன்றினால் மட்டும் போதாது. நீர் வார்ப்பார் வேண்டும். அந்நீரை வார்த்தவை கறுப்பின மக்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட பரஸ்பர உதவிச் சங்கங்கள். நம் ஊர்களில் மரணாதார சங்கம் என வழங்கும் அமைப்பை அறிந்த நேயர்களுக்கு இதனை நெடிது விளக்க வேண்டியதில்லை. அங்கத்தவர் மாதந்தோறும் சிறுதொகை சந்தா செலுத்துவர். ஒருவர் நோயுற்றால் வைத்தியரையும் மருந்தையும் சங்கம் ஏற்கும். இறந்தால் கௌரவமாக அடக்கஞ்செய்யும். அவ்வடக்கத்திற்குப் பாண்ட் வாத்தியக் குழுவை அமர்த்துவதும் சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாயிற்று. இடுகாடு செல்லும்வரை குழுவினர் பக்திப் பாடல்களை மெல்ல வாசிப்பர். உடலுக்கு விடைகொடுத்தபின் முரசின் நடை மாறும். வாழ்ந்தவரின் வாழ்வைக் கொண்டாடும் துள்ளிசை எழும். சங்கத்தாரும் வாத்தியக்காரரும் முதல் வரிசை. பின்னால் சேர்ந்து ஆடிவரும் ஊரார் இரண்டாம் வரிசை. 1884இல் தோன்றிய இளைஞர் ஒலிம்பியன் சங்கம் போன்றவை இம்மரபைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளன.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. வாத்தியக்காரனுக்குக் கூலி கொடுத்தவர் பிரபுக்கள் அல்லர். கூலியாட்களும் சலவைத் தொழிலாளரும் கொத்தரும் தச்சருமே. தம் அயலவனின் இசைத்திறனைத் தம் சந்தாப் பணத்தால் அவர்கள் வாழவைத்தனர்.

அதே சங்க வாழ்விலிருந்துதான் உரிமைக்குரலும் எழுந்தது. ஹோமர் பிளெசி என்பவர் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. பாடசாலைக் கல்வியைச் சீர்ப்படுத்த முயன்ற சங்கமொன்றின் உபதலைவர். புகையிரதங்களில் இனவாரியாகத் தனிப்பெட்டி ஒதுக்கும் சட்டத்தை லூசியானா 1890இல் இயற்றியது. அதனை எதிர்க்க மறு ஆண்டு பிரஜைகள் குழு ஒன்று அமைந்தது. அக்குழுவின் திட்டப்படி பிளெசி 1892 ஜூன் 7ஆந் தேதி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து கைதானார். 1896இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரித்து வைத்தாலும் சமமாக நடத்தினாற் போதும் என்னும் கொள்கை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டது. பிளெசி 1925இல் மறைந்தார். மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில். கைதாகி நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்தது அந்தக் கௌரவம்!

நிற்க. இசைக்கலைஞருள் தலையாயவராகிய லூயி ஆம்ஸ்ட்ரோங் கதையைப் பார்ப்போம். 1901இல் வறிய குடிலொன்றிற் பிறந்தவர் அவர். 1912ஆம் ஆண்டின் இறுதி இரவில் கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டமைக்காகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அவ்வில்லத்தில் இசை பயிற்றிய பீற்றர் டேவிஸ் என்னும் ஆசிரியர், குறும்புக்காரச் சிறுவனின் கையிலே கோர்னெட் என்னும் ஊதுகருவியைக் கொடுத்தார். ஓர் ஆசிரியர் செய்த அச்சிறு செயலின் பயனை உலகமே அனுபவித்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள எம்மனையோர்க்கு இதனினும் பெரிய ஊக்கம் வேறில்லை.

1949இல் நகரத்தின் மார்டி கிரா விழாவில், அதாவது தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமைப் பெருவிழாவில், சூலு சங்கத்தார் அவரைத் தம் அரசராக அமர்த்தி ஊர்வலம் விட்டனர். பிறந்த மண்ணின் சாதாரண மக்கள் தந்த கௌரவம் அது. அரசாங்கம் தந்ததோ வேறு. 1956இல் லூசியானா மாநிலம் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கே கலைநிகழ்ச்சி நடத்துவதைத் தடைசெய்தது. ஆம்ஸ்ட்ரோங்கின் குழுவிலே இரு இனத்தாரும் இருந்தனர். குழுவைப் பிரிக்க உடன்படாத அவர், 1965 வரை தம் சொந்த நகரில் வாசிக்கவே இல்லை. உலகத்தின் தலைநகரங்கள் கைதட்டி வரவேற்ற ஒருவர் பிறந்த ஊருக்கு மட்டும் அயலவர் ஆனார்.

அவர் பிறந்த வீடும் 1964இல் இடிக்கப்பட்டது. திரெமே குடியிருப்பிலும், கலாசார மண்டபங்கள் அமைப்பதற்கென அக்காலத்தில் பல தெருக்களின் வீடுகள் தரைமட்டமாயின. அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதியிலேதான் 1980இல் ஆம்ஸ்ட்ரோங் பெயரால் பூங்கா திறக்கப்பட்டது. அதனுள்ளே, அந்நகரிற் பிறந்த பக்திப் பாடகி மகேலியா ஜாக்சனின் பெயரைத் தாங்கிய அரங்கும் உண்டு. 2001இல் விமான நிலையமும் ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரைப் பெற்றது. இன்னும், கறுப்பின வணிகரின் கடைத்தெருவாகவும் ஊர்வலப் பாதையாகவும் விளங்கிய கிளெய்போர்ண் வீதியில் நிழல்விரித்து நின்ற ஓக் மரங்களை 1960களில் வெட்டி வீழ்த்தி, அவ்விடத்தே உயர்த்திக் கட்டிய நெடுஞ்சாலையை அமைத்தனர். இசைக்கலைஞனுக்குப் பூங்கா கிடைத்தது. இசை பிறந்த தெருவோ அழிந்தது. நேயர்களே, இதைப் போற்றுதல் என்பதா?

ஆயினும் அம்மக்கள் தம் கடமையைக் கைவிட்டாரல்லர். திரெமேயில் 1941இல் தோன்றிய டூக்கி சேஸ் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். லேயா சேஸ் அம்மையார் (1923–2019) அக்குடும்பத்தில் மணம்புரிந்து வந்து, சமையலறைப் பொறுப்பை ஏற்றார். இரு இனத்தாரும் ஒரே மேசையிலிருந்து உண்பது சட்டத்துக்கு மாறாயிருந்த நாளில், அவ்வுணவகத்தின் மாடியறையில் குடியுரிமைப் போராளர் கூடி, உண்டு, திட்டமிட்டனர். இசைக்கலைஞரும் அங்கேதான் பசியாறினர். சுவர்களிலே கறுப்பின ஓவியர்களின் படைப்புகளை அம்மையார் விலைகொடுத்து வாங்கி மாட்டினார். பாடகன், ஓவியன், வழக்கறிஞன் என்னும் மூவரையும் ஒரு குழம்புச் சட்டி இணைத்தது எனலாம்.

அலிசன் மொன்ரானா (1922–2005) மற்றொருவர். தொழிலாற் கட்டடவேலையாளர். கறுப்பின ஆடவர் சிலர் பூர்வகுடித் தலைவர்களைப் போல இறகும் மணியும் தைத்த பேருடை அணிந்து மார்டி கிரா நாளிலும், மார்ச் மாதத்தில் வரும் புனித சூசையப்பர் திருநாள் இரவிலும் தெருவில் உலாவருவர். முற்காலத்தில் அக்குழுக்கள் எதிர்ப்பட்டாற் கைகலப்பு உண்டாகும். கத்தியால் வெல்வதை விட்டு ஊசியால் வெல்லுங்கள் என்னும் நெறியைத் தம் செயலாற் காட்டியவர் மொன்ரானா. ஆண்டுதோறும் புத்தாடை, அதுவும் தம் கையாலே தைத்தது, என்ற நிலையில் அழகுப் போட்டியாக அப்பகை மாறிற்று. 2005இல், முதுமையில், சூசையப்பர் திருநாள் இரவில் பொலிஸார் நடந்துகொண்ட முறையைக் குறித்து மாநகர சபை முன் முறையிட்டுப் பேசுகையிலே அவர் சாய்ந்து உயிர்நீத்தார். இன்று அவர் சிலை ஆம்ஸ்ட்ரோங் பூங்காவில் நிற்கின்றது. எந்தச் சபையிடம் நீதி கேட்டு உயிர்விட்டாரோ அந்நகரமே அவரைக் கல்லிலும் உலோகத்திலும் போற்றுகின்றது.

இனிக் கல்வித்துறையை நோக்குவோம். 1960 நவம்பர் 14ஆந் தேதி, ஆறு வயதுச் சிறுமியர் நால்வர் அதுவரை வெள்ளையர்க்கே உரியவாயிருந்த இரு பாடசாலைகளுள் அடியெடுத்து வைத்தனர். அதற்கு வழிகோலிய வழக்கை நடத்தியவர்களுள் ஏ. பி. டூரோ என்னும் உள்ளூர் வழக்கறிஞர் முக்கியமானவர். ரூபி பிரிட்ஜஸ் ஒரு பாடசாலையிலே தனியொருத்தியாக, பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியையிடம் ஆண்டு முழுதும் பயின்றாள். மற்றப் பாடசாலைக்குச் சென்ற மூவர் லியோனா டேற், டெசி பிரெவோஸ்ட், கெயில் எற்றியென். வெளியே கூச்சலிட்டு நின்ற கூட்டத்தின் நடுவே புத்தகப்பையோடு நடந்த அக்குழந்தைகளின் துணிவை எந்தப் பதக்கத்தால் அளக்க முடியும்? லியோனா டேற் வளர்ந்தபின், தாம் படித்த அந்தக் கட்டடம் கைவிடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு, அதனைக் காக்க நிறுவனம் அமைத்துப் பல்லாண்டு உழைத்தார். 2022இல் அது மூவர் பெயரும் தாங்கிய நிலையமாகத் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் வரலாற்றுக் காட்சி. மேலே முதியோர்க்கான குறைந்த வாடகைக் குடியிருப்பு. நினைவுச்சின்னம் ஒன்று வாழும் மனிதர்க்கு வீடாகவும் அமைவது எவ்வளவு பொருத்தம்!

கலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தோருள் டானி பார்க்கரை (1909–1994) மறக்கலாகாது. நியூயோர்க் நகரில் நெடுங்காலம் புகழோடு வாசித்துவிட்டு 1965இல் ஊர் திரும்பியவர், தெருவோர வாத்தியக் குழுக்கள் அருகிவருவதைக் கண்டார். 1970களின் தொடக்கத்தில் ஃபெயர்வியூ திருச்சபையின் ஆதரவோடு சிறுவரைச் சேர்த்துப் பயிற்சியளித்தார். பிற்காலத்து வாத்தியக் கலைஞர் பலர் அச்சிறுவர் குழுவின் வழிவந்தவரே.

2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளியால் வெள்ளத் தடுப்பு அணைகள் உடைந்து, நகரத்தின் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கிற்று. கலைஞர் திசைதோறும் சிதறினர். அவர் திரும்பிவர வீடு வேண்டுமென்று கருதி, ஒன்பதாம் வட்டாரத்தில் எழுபத்திரண்டு வீடுகள் கொண்ட இசைக்கலைஞர் குடியிருப்பு எழுப்பப்பட்டது. நடுவே, இசையாசான் எல்லிஸ் மார்சாலிஸ் பெயரில் 2011இல் இசை நிலையம் திறக்கப்பட்டது. டெரிக் டாப் என்னும் முரசு வாசிப்பவர் 2007இல் இசை வேர்கள் எனப் பொருள்படும் பெயரால் ஓர் அமைப்பை நிறுவினார். ஒன்பது முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகளுக்கு, பாடசாலை விட்டபின், வாத்தியப் பயிற்சியும் பாடத்துணையும் சூடான உணவும் அங்கே இலவசம். இதே காலத்தில் நகர நிருவாகம் சங்கங்களின் ஊர்வல அனுமதிக் கட்டணத்தைப் பெரிதும் உயர்த்திற்று என்பதையும் சொல்லவேண்டும். சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. 2007இல் இணக்கம் ஏற்பட்டுக் கட்டணம் தணிந்தது. தெருவில் இசைப்பதற்கும் அம்மக்கள் வழக்காடவேண்டி இருந்தது.

அண்மைக் காலத்தில் நகரம் தன் பெயர்ப்பலகைகளையும் மாற்றி வருகின்றது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் பெயரைத் தாங்கிய பெருவீதி 2022இல் பாடலாசிரியரும் பியானோ மேதையுமான அலன் டூசான் பெயரைப் பெற்றது. மற்றொரு வீதி, சேவியர் பல்கலைக்கழகத்தை 1968 முதல் 2015 வரை நடத்திய கல்விமான் நோர்மன் பிரான்சிஸ் பெயரை ஏற்றது. 2024இல் லேயா சேஸ் பெயரால் ஒரு பாடசாலையும் திறக்கப்பட்டது. பெயர் சூட்டுதல் வீண் என்று நான் கூறவில்லை. எவர் பெயரைச் சொல்லி வழிகேட்கிறோமோ அவரை நம் பிள்ளைகள் பெரியோராகக் கருதுவர். ஆதலால் பெயர்மாற்றமும் ஒரு பாடமே.

ஆனால் அது இரண்டாவது கடமை. முதலாவது கடமை, பீற்றர் டேவிஸ் கருவி கொடுத்ததுபோலக் கொடுப்பதும், சங்கத்தார் சந்தா கட்டியதுபோலக் கட்டுவதும், லேயா சேஸ் கதவு திறந்ததுபோலத் திறப்பதுமாகும். ஆம்ஸ்ட்ரோங் பெயரால் பூங்கா அமைக்க ஒரு நகரசபைத் தீர்மானம் போதும். இன்னோர் ஆம்ஸ்ட்ரோங் தோன்றுவதற்கோ, வறியவர் குடியிருக்கத்தக்க ஒரு தெருவும், அத்தெருவிலே பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் வேண்டும். ஆகவே, எந்த ஊராயினும் தன் கலைஞர்க்கு விழா எடுக்கும் நாளில், மேடையிலிருப்போர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு அமையாது, அவர்களிடம் இப்போது பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேட்டுப்பார்ப்பாராக. விழாவின் உண்மையான அளவை அவ்வெண்ணிக்கையே சொல்லிவிடும்.