வாயுக் குழாயின் கணக்கு

யாழ்ப்பாணத்துச் சமையலறைக்கு எரிவாயு இன்னும் சிலிண்டரில்தான் வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீற்றர் குழாய் வழியே போகிறது. 2021 பெப்ரவரியில் திறந்தார்கள். நமது மன்னார்க் கடற்படுகையிலும் 2011இல் எரிவாயு கண்டார்கள். அது கரையேறும் காலம் வந்தால் குழாயை ஓட்டும் கணக்கு தெரிந்தவர்கள் இங்கேயே இருக்க வேண்டும்.

தண்ணீரின் கணக்கு எளிது. தாளையடியில் 2024இல் திறந்த நிலையம் கடல்நீரை நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர்வரை நன்னீராக்கக் கட்டப்பட்டது. அந்த நீர் குழாயில் ஓடும்போது உராய்வால் அழுத்தம் குறையும். எந்த அழுத்தத்தில் புறப்பட்டாலும் ஒரே ஓட்டத்துக்கு ஒரே இழப்புத்தான். வாயு அப்படியல்ல. அழுத்தினால் ஒடுங்கும், ஒடுங்கினால் மெதுவாக நகரும், உராய்வும் குறையும்.

இரு முனை அழுத்தங்களையும் வர்க்கித்துக் கழித்தால், ஒரே ஓட்டத்துக்கு ஒரே விடை வரும். 70 பார் அழுத்தத்தில் புறப்பட்ட வாயு 60இல் போய்ச் சேர்ந்தால், 4,900இல் 3,600 போக 1,300. அதே குழாயில் அதே அளவு வாயு 50 பாரில் புறப்படட்டும்: 2,500இல் 1,300 போக 1,200. முனையில் 35 பார்கூட மிஞ்சாது! இழப்பு 10 பாரிலிருந்து 15க்கு மேலே போய்விட்டது. இழந்த அழுத்தத்தைத் திரும்ப ஏற்றும் அமுக்கிகள் பெரும்பாலும் குழாயில் வரும் வாயுவையே எரிக்கின்றன. நெடுந்தூரக் குழாய்களில் இப்படி எரிவது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு.

அப்படியானால் எப்போதும் உச்ச அழுத்தத்தில் ஓட்டலாமே? குழாய்க்குத் தாங்கும் எல்லை உண்டு. கடைசி வாடிக்கையாளருக்கு அவ்வளவு அழுத்தம் தேவையுமில்லை. ஆகவே ஒவ்வொரு அமுக்கி நிலையத்திலும் எந்த அழுத்தம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் பத்து அழுத்த நிலைகள் என்றால் 1,000 கோடி வழிகள். 1968இல் வோங், லார்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணிதர் றிச்சட் பெல்மனின் முறையை இதற்குப் பயன்படுத்தினார்கள்: அடுத்தடுத்த இரு நிலையங்களை மட்டும் ஒப்பிட்டு, அதுவரைக்குமான மலிவான வழியைக் குறித்துக்கொண்டே நகர்வது. ஒரு சோடிக்கு 100 ஒப்பீடு, ஒன்பது சோடிக்கு 900. அவ்வளவுதான்! எனக்கு இதைவிட அழகான சிக்கனம் தெரியாது.

குழாய்கள் வளையமாகப் பின்னினால் இந்த வழி மட்டும் போதாது. வாயு எந்தக் கிளையில் எவ்வளவு போகும், எந்த அமுக்கியை நிறுத்துவது என்பதையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். கணிதர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது அங்கேதான். பேர்லினிலுள்ள சூசே நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வாளர்கள் இதற்கான மாதிரி வலையமைப்புத் தரவுகளை ‘காஸ்லிப்’ என்ற பெயரில் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அவற்றை இறக்கி, இன்றைக்கே தீர்த்துப் பார்க்கலாம்.