சிறுமலை அடிவாரத்தில் கூடிய போர் மறுப்பாளர்கள்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி, சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். பல்கலைக்கழகம், கதர், சித்த மருந்து, கஸ்தூரிபா மருத்துவமனை என்று அந்த ஊரை நாம் அறிவோம். உலகப் போர் எதிர்ப்பு இயக்கத்தின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆயுதம் இல்லாத ஓர் உலகப் படையை அமைக்க வேண்டும் என்ற தீர்மானம் 1960 டிசம்பரில் இங்கேதான் எடுக்கப்பட்டது.

அது என்ன மாநாடு?

முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர மறுத்தவர்கள் 1921இல் நெதர்லாந்தின் பில்தோவன் நகரில் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் போர் மறுப்பாளர் சர்வதேச அமைப்பு ஆனது. இரண்டாக முறிந்த துப்பாக்கி அதன் சின்னம். எந்தப் போரையும் ஆதரிப்பதில்லை, போருக்கான காரணங்களையும் அகற்றப் பாடுபடுவது என்பது உறுப்பினர்கள் ஏற்கும் உறுதிமொழி.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடிய அதன் மாநாடுகள் அதுவரை ஐரோப்பாவில்தான் நடந்தன. பத்தாவது மாநாடு முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே, காந்திகிராமத்தில் நடந்தது. அப்போது தலைவராக இருந்தவர் இங்கிலாந்தின் ஹெரால்டு பிங். முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர் அவர்.

ஏன் காந்திகிராமம்?

மருத்துவர் சௌந்திரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் தொடங்கிய நிறுவனம் இது. கிராமக் கல்வி, பிரசவ மருத்துவம், கைத்தொழில், தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் அன்றாடப் பணிகள். போரின் காரணங்களை அகற்றுவோம் என்று உறுதி எடுத்தவர்கள், அந்த வேலை ஒரு கிராமத்தில் எப்படி நடக்கும் என்பதை இங்கே கண்ணால் பார்க்க முடிந்தது.

இன்னொரு காரணம் சாந்தி சேனை. கலவரம் மூளும் இடத்துக்கு ஆயுதமின்றிப் போய் நடுவில் நிற்கும் தொண்டர் படை ஒன்று வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். அதற்காக 1948 பிப்ரவரியில் சேவாகிராமத்தில் ஒரு கூட்டம் திட்டமிடப்பட்டிருந்தது. ஜனவரி 30 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1957இல் கேரளத்தில் நடைப்பயணம் செய்துகொண்டிருந்த வினோபா பாவே அந்தப் படையைத் தொடங்கிவைத்தார். காந்திகிராம மாணவர்களும் அதில் பயிற்சி பெற்றார்கள். வெளிநாட்டினரும் அறிந்த இடம் அது: 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங் காந்திகிராமத்துக்கும் வந்து போனார்.

என்ன முடிவானது?

அந்த 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் பிரான்ஸ் சகாரா பாலைவனத்தில் அணுகுண்டை வெடித்தது. அதைத் தடுக்க முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போக முயன்ற பன்னாட்டுக் குழுவில் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் இருந்தார். ஐக்கிய நாடுகள் சபைக்கு ஆயுதமற்ற அமைதிக் காவலர்கள் வேண்டும் என்று ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஸ்பெயின் நாட்டு அறிஞர் மதரியாகாவும் அதே ஆண்டு கோரிக்கை வைத்தார்கள். அரசுகளுக்காகக் காத்திருக்காமல் மக்களே அந்தப் படையை அமைக்கலாம் என்ற முடிவுக்குக் காந்திகிராம மாநாடு வந்தது.

ஓராண்டில் செயல் தொடங்கியது. 1961 டிசம்பர் கடைசியில் லெபனானின் புருமானா ஊரில் தொடங்கிய கூட்டம், 1962 புத்தாண்டையொட்டி உலக அமைதிப் படையைப் பிரகடனம் செய்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், மைக்கேல் ஸ்காட், அமெரிக்காவின் ஏ.ஜே. மஸ்டி மூவரும் கூட்டுத் தலைவர்கள். அதே 1962இல் சேவாகிராமத்தின் ஓவியர் தேவி பிரசாத், போர் மறுப்பாளர் அமைப்பின் பொதுச் செயலாளரானார். 

முயற்சி வென்றதா?

உலக அமைதிப் படை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆப்பிரிக்க விடுதலைக்குத் துணைநிற்க தார் எஸ் சலாமில் அது ஒரு மையம் அமைத்தது. 1962 அக்டோபரில் இந்திய - சீனப் போர் வந்தது. நாட்டின் பாதுகாப்பா, போர் மறுப்பா என்ற கேள்வியில், காந்தி வழி வந்த சர்வோதயத் தொண்டர்களே பிரிந்து நின்றார்கள். 1963 மார்ச் 1 அன்று உலக அமைதிப் படையின் முயற்சியில், சர்வோதயத் தலைவர் சங்கர்ராவ் தேவ் தலைமையில் டெல்லி ராஜ்காட்டிலிருந்து பீக்கிங் நோக்கி ஒரு நட்புறவு நடைப்பயணம் கிளம்பியது. சீனா அனுமதி தரவில்லை. பயணம் அசாமோடு முடிந்தது.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எல்லையில் குண்டு வெடித்த பிறகு, வெளியிலிருந்து வரும் சிலர் நடந்துபோய் ஒரு போரை நிறுத்துவது அரிது. போர் மூளுமுன்பே உள்ளூரில் வேரூன்றியிருக்க வேண்டும் என்ற பாடத்தை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது.

இலங்கையில் கிடைத்த விடை

சாந்தி சேனையை நடத்திய நாராயண் தேசாய் உள்ளிட்டோர் 1981இல் கனடாவில் கூடி சர்வதேச அமைதிப் படைகள் அமைப்பை உருவாக்கினார்கள். அதன் குழு 1989இல் இலங்கைக்குப் போனது. 1987இல் அமைதி காக்கும் படை என்ற பெயரில் அங்கே சென்ற இந்திய ராணுவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்களிடம் ஆயுதம் கிடையாது. காணாமல் ஆக்கப்பட்டோருக்காக வழக்காடிய வழக்கறிஞர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தபோது, இவர்கள் கூடவே போனார்கள், கூடவே தங்கினார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்தப் பணி நடந்தது.

2002இல் டெல்லி அருகே சூரஜ்குண்டில் தொடங்கப்பட்ட வன்முறையற்ற அமைதிப் படை, 2003 முதல் 2011 வரை இலங்கையில் இருந்தது. மூதூர், வாழைச்சேனை போன்ற இடங்களில் அதன் ஆட்கள் குடியிருந்தார்கள். பிள்ளைகளை ஆயுதக் குழு பிடித்துப் போனபோது, திரும்பக் கேட்கப் போன தாய்மாருக்குத் துணை நின்றார்கள்.

வெறுங்கையோடு நிற்பவர் எப்படிக் காக்க முடியும்? தாக்க நினைப்பவருக்கும் பெயர் கெடும், பதில் சொல்ல நேரும் என்ற அச்சம் உண்டு. வெளியாள் ஒருவர் சாட்சியாக இருக்கும்போது அந்த அச்சம் கூடுகிறது. எந்தப் பக்கமும் சாயாமல், எல்லாத் தரப்போடும் பேசி, வதந்தியை உடனுக்குடன் விசாரித்துச் சொன்னால்தான் அது பலிக்கும். இப்படிப்பட்ட ஆயுதமற்ற வழிமுறைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஐ.நா. அமைதிப் பணி பற்றிய உயர்நிலைக் குழு 2015இல் பரிந்துரைத்தது. காந்திகிராமத்தில் பேசப்பட்டு 55 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்கு என்ன வேலை?

போர் எதிர்ப்பு என்றதும் ஊர்வலமும் மெழுகுவர்த்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவையும் தேவைதான். ஆனால் காந்திகிராமம் காட்டிய வழி அன்றாட வேலை: இரு தெருவுக்கும் தெரிந்த நாலு பேர், வதந்தி வந்தால் விசாரிக்கும் பழக்கம், கோபத்துக்கு நடுவில் நிற்கும் பயிற்சி, அநீதி எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கும் கண். திண்டுக்கல் சமவெளியின் ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தப் பயிற்சியைத் தொடங்க முடியும். அந்த 1960 மாநாட்டின் வரலாற்றை மாவட்டத்தின் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும் பயிற்சி தரவும் ஆண்டு முழுதும் ஏற்பாடு இருக்கிறது. அமைதிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதவரை, கலவரம் வந்த பிறகு நாம் விடும் வேண்டுகோள்கள் காலம் கடந்தவையாகவே இருக்கும்.