கேள்வி அனுப்பியவரும் பதில் எழுதியவர்களும்

சங்ககிரிக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் கடற்கரை ஊர்களைப் பற்றிய பேச்சு இங்கே ஓய்ந்ததே இல்லை. லாரித் தொழில் நடக்கும் ஊர் என்பதால் தூத்துக்குடி, மங்களூர், காண்ட்லா என்று துறைமுகங்களுக்குப் போய் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கின்றன. திரும்பி வந்தவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் எடுப்பது அந்த ஊர்ச் சனங்களைத்தான். ஒருவருக்கு அவர்கள் எல்லோரும் சோம்பேறிகள். இன்னொருவருக்கு எல்லோரும் தங்கமானவர்கள்.

அப்படி வந்து உட்கார்ந்தான், தெரிந்த லாரிக்காரர் வீட்டுப் பையன். ஓமான் நாட்டின் சலாலாவில் துறைமுக வேலை. "அந்த ஊரப் பத்தி ஒரு புத்தகமே எழுதலாமுங்கண்ணா. மழை தூறுனாப் போதும், குடும்பத்தோட மலைக்குப் போயி நனையறாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலீங்க" என்றான். இரண்டு டீ சொல்லிவிட்டு, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் கரைக்கு வந்து இதே வேலையைச் செய்த ஒருவரைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

பார்த்தலோமேயு சீகன்பால்க் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய மதப் போதகராக, ஹென்ரிக் புளூட்சோ என்பவரோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது வயது இருபத்து நான்கை ஒட்டித்தான். தரங்கம்பாடி அதற்கு முன்பே, தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்ட ஊர். கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியர்கள் பலருக்கும் வெளியே இருந்த சனங்கள் காட்டுமிராண்டிகள். சீகன்பால்க்கும் அந்த நினைப்போடுதான் வந்தார். இவர்களுக்கு ஒழுங்கான கல்வியோ நெறியோ இருக்காது என்று எண்ணியிருந்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த எண்ணம் மாறியது திண்ணைப் பள்ளியில். உள்ளூர் வாத்தியாரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றார். பிறகு காலையில் நான்கு மணி நேரம், வயதான புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏடுகளைப் படிப்பார். பிற்பகலில் மறுபடியும் தமிழ்தான். ராத்திரியில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, ஒருவர் படிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டே வருஷத்தில், 1708இல், தான் திரட்டிய தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் திருக்குறள் உட்பட 119 தமிழ் நூல்கள் இருக்கின்றன. கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் அதே காலத்தில் ஜெர்மனில் பெயர்த்தார்.

"நீ எத்தனை வருஷமா அங்க இருக்கற? அரபு படிக்கத் தெரியுமா?" என்று இந்த இடத்தில் அவனைக் கேட்டேன். பேச வரும், படிக்க வராது என்றான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, கிரேன் ஓட்டும் வேலைக்கு அது போதும். ஆனால் ஒரு சனத்தைப் பற்றி எழுதப் போகிறவனுக்கு, அவர்கள் தங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டாமா?

சீகன்பால்க்கின் உழைப்பில் என்னை மிகவும் கவர்வது இதற்கு அடுத்தபடி. 1712 வாக்கில், அவரும் உடன் பணியாற்றிய கிரண்ட்லரும் தமிழ்நாட்டார் பலருக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பினார்கள். கல்யாணம், பள்ளிக்கூடம், வைத்தியம், நாள் நட்சத்திரம், தெய்வங்கள் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேள்விகள். தமிழில் வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். 1714இலும் 1717இலும் அவை இரண்டு தொகுதிகளாக அச்சாயின. மொத்தம் 99 கடிதங்கள். இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நேரில் கேட்டால், கோட்டைக்கார வெள்ளைக்காரர் முன்னால் நிற்கிறவன் அவருக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். வீட்டில் உட்கார்ந்து, யோசித்து, தன் மொழியில் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் துணிவு வரும்.

அந்தத் துணிவு கடிதங்களில் தெரிகிறது. கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒளிவு மறைவில்லாத பதில் வந்திருக்கிறது. மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடித்துவிட்டு ஆடுகிறார்கள், சுத்தமாகக் கழுவிக்கொள்வதில்லை, வீட்டுக்குள்ளேயே துப்புகிறார்கள், எங்களை இழிவாக நடத்துகிறார்கள், உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், நடத்தை அப்படி இல்லையே, என்ற போக்கில் எழுதியிருக்கிறார்கள். ஊரைக் கவனிக்க வந்தவர்களை ஊர் அத்தனை நாளும் கவனித்துக்கொண்டிருந்தது. போதகர்கள் கீழே மறுப்புக் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வரிகளை அடிக்கவில்லை, அச்சுக்கு அனுப்பினார்கள். அவர்கள்மேல் எனக்குள்ள மதிப்புக்கு இதுவே பெரிய காரணம்.

குறையையும் சொல்ல வேண்டும். மதம் மாற்றுவது சீகன்பால்க்கின் நோக்கம். எதைக் கேட்டாலும் அந்த நோக்கம் பின்னால் நின்றது. கடிதங்களில் பெரும்பகுதியை அவரிடம் பணிபுரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரே எழுதியிருக்கக்கூடும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. எழுதத் தெரிந்தவர்தானே பதில் எழுத முடியும்? கட்டுமரம் தள்ளியவர்களும், பண்ணையில் நாற்று நட்ட பெண்களும், சேரியில் இருந்தவர்களும் அந்தப் பதில்களுக்குள் வருவது இன்னொருவர் வாய் வழியாகத்தான்.

சொந்த ஊரில் இருப்பவர்கள் எதை விரும்பிப் படிப்பார்கள் என்பது இன்னொரு சிக்கல். 1713இல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஐயனார், மாரியம்மன் போன்ற கிராமத்துத் தெய்வங்களுக்கும் அதில் இடம் கொடுத்திருந்தார். அங்கே அவருடைய புரவலராக இருந்த ஃபிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. போதகர்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கருத்து. நூல் கிடப்பில் போடப்பட்டது. வில்ஹெல்ம் கெர்மான் அதைச் சென்னையில் பதிப்பித்தபோது வருஷம் 1867. எழுதியவரோ 1719 பிப்ரவரியில், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்திருந்தார்.

இதைச் சொன்னதும் பையன் தன் போனை எடுத்துக் காட்டினான். சலாலாவிலிருந்து நண்பர்களுக்கு அவன் அனுப்பியவற்றில் ஷேக்குகளின் காரும் ஒட்டகமும்தான் நிறைய. "இதுக்குத்தானுங்க லைக் விழுகுது" என்றான். ஃபிராங்கே செய்ததும் ஏறக்குறைய இதுதான் என்றேன். வீட்டிலிருக்கிறவர்கள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பதற்கு ஒத்து வருவதை மட்டும் அனுப்பினால், பார்க்காமலே எழுதியிருக்கலாம்.

நம் பக்கம் வந்த வெளிநாட்டுக்காரர்களில் இன்னொருவரையும் அவனுக்குச் சொன்னேன். திப்பு விழுந்த மறுவருஷம், 1800இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர் நாட்டைச் சுற்றிக்கொண்டு கொங்கு நாட்டுக்குள் வந்தார். இதோ பக்கத்திலிருக்கும் பவானிக்கும் ஈரோட்டுக்கும் வந்திருக்கிறார். மண்ணின் தன்மை, விளைச்சல், வரி, தறி என்று போன இடமெல்லாம் விசாரித்துக் குறித்தார். 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. நம் பகுதியின் பழைய விவசாயத்தை அறிய அதை விட்டால் வழி குறைவு. ஆனால் அவர் இன்று ஒரு முகாம், நாளை ஒரு முகாம் என்று நகர்ந்துகொண்டே இருந்தவர். துபாஷி வைத்துத்தான் பேசினார். என்ன விளைகிறது என்று அவரால் எழுத முடிந்தது. விளைவித்தவன் அவரைப் பற்றி என்ன நினைத்தான் என்பதற்கு அந்த மூன்று தொகுதியில் இடமில்லை.

மறுபடியும் அவனுடைய மழைக்கு வந்தோம். ஏன் நனைகிறார்கள் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. அரேபியாவின் பெரும்பகுதி வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் காற்று தோஃபார் மலைகளில் முட்டி, சலாலாவில் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும். அதற்குக் கரீஃப் என்று பெயர். கரையோரத்தில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதால் மூட்டம் இன்னும் கனமாகிறது. வறண்ட மலை பச்சையாகிறது. வளைகுடா நாடுகள் எங்குமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேருகிறார்கள். அதே பருவக்காற்றுதான் குடகிலும் வயநாட்டிலும் மழையாகக் கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, மேட்டூருக்குக் காவிரியாக வருகிறது. ஜூன் 12 அன்று அணை திறப்பார்களா மாட்டார்களா என்று நாம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். அணையில் தண்ணீர் ஏறியதும் மேட்டூருக்கு வண்டி கட்டிப் போய்ப் பார்க்கும் நமக்கு அவர்கள் சந்தோஷம் புரியாமல் போகாது. இதைக் கேட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, யாரிடம் கேட்பது என்று கேட்டான். வேலையிடத்தில் அவனோடு இருப்பவர்கள் மலையாளிகள், வங்கதேசத்தார். ஓமானியர் என்றால் மேலதிகாரிகள் மட்டும். அவர்களிடமும் கேட்கலாம். ஆனால் அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக மாடும் ஒட்டகமும் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு அரபுகூட இல்லை. ஜிப்பாலி என்று வேறொரு பழைய மொழி. கரீஃப் பார்க்க வருகிற கூட்டம் அவர்கள் மேய்ச்சல் நிலத்தில்தான் கார்களை நிறுத்துகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள், மழை தவறிய வருஷத்தில் மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வருகிறது, துறைமுகத்தில் வேலை செய்யும் நம்மவர்களைப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். மேய்க்கிறவர் எழுதமாட்டார், பள்ளிக்கூடம் போகிற அவர் மகள் எழுதுவாள், அவளிடம் கொடு என்றேன்.

"மூணாவது கேள்விக்கு நல்லாத் திட்டித்தானுங்க எழுதுவாங்க" என்றான்.

"எழுதட்டும் கண்ணு. ஒரு வரியும் விடாம அப்படியே பேத்துப் போடு."