போடிமெட்டு இறக்கத்தில் சிக்கிக்கொள்ளும் ஃபோர்க்

இரண்டு சக்கரம், ஒரு மலை – 11

போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் ஏறத் தொடங்கினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது தொடை கெஞ்சும், இறங்கும்போது உள்ளங்கை. 'ஷாக் வெச்ச சைக்கிள்தானே, ஏன் இப்படிக் கை மரத்துப்போகுது?' என்று கேட்டால், ஸ்பிரிங் டைட்டாக இருக்கிறது என்று பதில் வரும். பெரும்பாலும் ஸ்பிரிங் மேல் தப்பில்லை. ஃபோர்க்கின் உள்ளே நடக்கும் உராய்வுதான் காரணம்.

ஃபோர்க் என்பது குழாய்க்குள் குழாய். மேலேயிருந்து வரும் பளபளப்பான குழாய், சக்கரத்தைப் பிடித்திருக்கும் தடித்த காலுக்குள் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு காலுக்குள்ளும் மேலொன்று கீழொன்றாக இரண்டு புஷ், அதாவது குழாய் சறுக்கும் வளையங்கள். வாய்ப்பகுதியில் தூசி புகாமலிருக்க சீல். பைக் மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் பழகிய சாமான். எண்ணெயால் அதிர்வடக்கும் இத்தகைய ஃபோர்க்கை பி.எம்.டபிள்யூ 1935இலேயே தன் ஆர்12 மோட்டார் சைக்கிளில் பொருத்திவிட்டது. மலை சைக்கிளுக்கு அது வந்து சேர்ந்தது 1989 வாக்கில், பால் டர்னரின் ராக்‌ஷாக்ஸ் வழியாக.

ஃபோர்க் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தரையிலிருந்து அளந்தால் சாய்வு 65 பாகை என்று கொள்வோம். சாலை 40 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளினால், 36 கிலோ குழாயின் வழியே போய் ஸ்பிரிங்கை அமுக்கும். 17 கிலோ குறுக்கே தள்ளும். பழைய மேசையின் இழுப்பறையை ஓர் ஓரத்தில் பிடித்து இழுத்தால் சிக்குமே, அந்தக் கதைதான். அச்சிலிருந்து கீழ்ப் புஷ் 20 செ.மீ. தொலைவிலும், இரண்டு புஷ்களுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளியும் இருந்தால், அந்த 17 கிலோ புஷ்களின் மேல் மொத்தம் 85 கிலோ அழுத்தமாகப் பெருகும். இடைவெளியை மட்டும் 16 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: அழுத்தம் 60 கிலோவாக இறங்கிவிடும். உராய்வும் அதே விகிதத்தில் குறையும். நல்ல ஃபோர்க்கில் புஷ்களைத் தள்ளித் தள்ளி வைப்பது இதற்காகத்தான்.

பிரேக் பிடித்தால் சாலை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும். குறுக்கு விசை முதலில் குறைந்து, அழுத்திப் பிடித்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். ஃபோர்க் இப்படி முன்னும் பின்னும் வளையும்போது குழாய் புஷ்ஷின் விளிம்பில் போய்க் கடிக்கிறது. தொடக்க கால ஃபோர்க்குகளின் ஒல்லிக் குழாய்கள் இன்று 35, 38 மி.மீ. வரை பருத்திருப்பது வளைவைத் தடுக்கத்தான்.

நின்றதை நகர்த்தத்தான் அதிக பலம் வேண்டும். நகர்ந்துவிட்டால் குறைவு போதும். அதனால் பெரிய குழியில் இயங்கும் ஃபோர்க், சின்னச் சரளைக்கு அசையாமல் நின்றுவிடுகிறது. சக்கரம் துள்ளுகிறது. தரையை விட்ட சக்கரம் ஹேண்டில்பார் சொன்னாலும் திரும்பாது, பிரேக் சொன்னாலும் நிற்காது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வளைவுக்குள் நுழையும்போது அது வேண்டாத விளையாட்டு.

உராய்வை வெல்ல ஆளாளுக்கு ஒரு வழி. ஜப்பானின் மியாகி நிறுவனம் அலுமினியக் குழாயின் மேற்பூச்சிலுள்ள நுண்துளைகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடை நிரப்புகிறது; ஃபாக்ஸ் ஃபோர்க்குகளின் பொன்னிறம் அதிலிருந்து வந்தது. கேனன்டேல் இன்னும் துணிந்தது. அதன் 'லெஃப்டி'யில் சறுக்கும் புஷ்ஷுக்குப் பதில் ஊசி பேரிங், காலும் ஒன்றே ஒன்று. அதைத் தேனி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால் இன்னொரு காலை எவன் கழற்றினான் என்று கூட்டம் கூடிவிடும்!

கம்பம், உத்தமபாளையம் பக்கம் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர், விலை குறைந்த 'ஷாக்' சைக்கிளைத் தேடிப் போக வேண்டாம் என்பேன். கூடுதல் எடையைச் சுமப்பதுதான் மிச்சம். ஷாக் இல்லாத சாதாரண ஃபோர்க்கே மேல். காட்டுப்பாதை ஆசையிருந்தால் முதலில் வனத்துறை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயைப் பார்த்த மாவட்டம் இது.

ஏற்கெனவே நல்ல ஃபோர்க் வைத்திருப்பவருக்குச் செலவில்லாத வைத்தியம் உண்டு. ஓட்டி முடித்ததும் சீலைச் சுற்றியுள்ள புழுதியைத் துணியால் துடையுங்கள். பிரஷர் வாட்டரை அங்கே காட்டாதீர்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம்செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். வாரம் ஒரு நாள் மலையேறுகிறவருக்கு அது வருஷத்துக்கு மூன்று நான்கு முறை வரும்.

அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழ வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.