வேரறிந்து நடுவோம்

மரம் நடுதல் நன்றென்பதை நம் பாடசாலைச் சிறுவரும் அறிவர். எந்தக் கன்றை நடுதல் நன்று என்னும் வினாவோ பெரியோரிடத்தும் அரிதாகவே எழுகின்றது. மாரி தொடங்கும் வேளையில் ஏறாவூரில் கன்று வாங்குவோரைக் கவனித்திருக்கிறேன். இலையின் பசுமையைப் பார்ப்பர், உயரத்தைப் பார்ப்பர், கன்றிலேயே காய் பிடித்திருந்தால் விலை பேசாமல் எடுத்துச் செல்வோரும் உளர். வேரைப் பார்த்து வாங்குவோரை நான் கண்டது மிக அரிது.

ஏறாவூர் முதல் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கரைகளிலே வாழும் நமக்கு இது சிறு விடயமன்று. கரையோர நிலத்தின் பெரும்பகுதி மணற்பாங்கானது. மணல் நீரைத் தேக்கி வைப்பதில்லை. வேரை இறுகப் பற்றுவதுமில்லை. ஆண்டின் நடுவே கச்சான் வீசி ஈரத்தை உறிஞ்சும். ஆண்டிறுதியிலே வாடைக் காற்றும் பெருமழையும் வந்து மரத்தை அசைக்கும். நாற்புறமும் வேரோடிய மரமே இங்கு நிலைக்கும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை மட்டக்களப்பு மாவட்டத்தார் மறவார். நூற்றுக்கணக்கான உயிர்களும் பல்லாயிரம் தென்னைகளும் அதிலே மாண்டன. அத்தகைய காற்றின் முன் எந்த வேரும் உறுதி கூற இயலாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் மாரிக் காற்றுக்கே ஒரு மரம் சாயுமாயின், பழியைக் காற்றின்மேற் சுமத்துதல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அயல் வளவிலே, கூரையை ஒட்டி நின்ற வேம்பு ஒன்று அவ்வாறுதான் சாய்ந்தது. ஓடுகள் நொறுங்கின, அவ்வேளை அறையில் எவரும் இல்லாதது இறைவன் அருள். பெயர்ந்து கிடந்த அடியைக் குனிந்து பார்த்தேன். வேர்கள் வெளியே ஓடாமல், கயிற்றைச் சுற்றி வைத்ததுபோல் ஒன்றையொன்று நெரித்துக் கிடந்தன. நட்டுப் பன்னிரண்டு ஆண்டு சென்றும் அவ்வேர்க்கட்டு, கன்று வந்த பொலித்தீன் பையின் வடிவத்தையே காட்டியது.

இதன் காரணம் எளிது. பைக்குள் வளரும் வேர் சுவரை முட்டியதும் திரும்பி, உட்புறமாகவே சுற்றத் தொடங்குகின்றது. காலங்கடந்தும் கன்று பையிலேயே இருந்தால் அச்சுற்று முற்றிவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்போம். வேரின் கதையோ இதற்கு மறுதலை: ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிராது. வேரும் தண்டும் பருக்கப் பருக்க, சுற்றிய வேர் அடிமரத்தை நெரித்து, நீரும் உணவும் செல்லும் வழியை அடைக்கும். இலைகளோ பல ஆண்டுகள் பசுமை காட்டி நம்மை மயக்கும்.

ஆகவே நாற்றுமேடையிலே சில சோதனைகள் வேண்டும். தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் மண்ணும் சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் ஆடினால் வேர் பற்றவில்லை என்க. மேல் மண்ணை இரு விரல் ஆழம் விலக்கினால், வேர்கள் தண்டிலிருந்து வெளிநோக்கிப் பிரிவது தெரிய வேண்டும்; குறுக்கே சுற்றிய வேர் இருத்தலாகாது. பையின் அடியைத் துளைத்துத் தடித்த வேர் நிலத்தில் இறங்கியிருந்தால், எடுக்கும்போதே அது அறுந்துவிடும். நல்ல வேர்நுனி வெளிறிப் புதிதாயிருக்கும். கறுத்து நாறும் வேர் அழுகியது. சிறு பையில் நெடிதுயர்ந்த கன்றைவிட, அளவான இளங்கன்றே நிலத்தை விரைவிற் பற்றும். கொம்பு கட்டாமல் தானே நிற்கும் தண்டு உத்தமம். ஒட்டு மாங்கன்றாயின், ஒட்டிய இடம் நன்கு பொருந்தியிருக்கின்றதா, கட்டிய நாடா பட்டையை வெட்டுகின்றதா என்பதையும் நோக்குக.

தென்னைக்கு அளவுகோல் வேறு. அதற்கு ஆணிவேர் இல்லை; அடியிலிருந்து எண்ணற்ற வேர்கள் கிளம்பும்; அவை மாமரத்து வேர்போற் பருப்பதுமில்லை. எனவே வேர் நெரிப்பு அங்கே பெருங்குறையன்று. முந்தி முளைத்தது, கழுத்துத் தடித்தது, ஓலை விரைவிற் பிரிந்தது ஆகிய பிள்ளையே நன்கு காய்க்கும் என்பது தென்னை ஆய்வாளர் கண்ட முடிபு. 1929இல் தொடங்கி லுணுவிலவில் இயங்கிவரும் தெங்கு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நம் நாட்டுக்கு வழிகாட்டியாக விளங்குகின்றது.

நடும்போது பையை முற்றாக அகற்றுதல் வேண்டும். சுற்றிய மெல்லிய வேர்களைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டால், வெட்டிய இடத்திற் புதுவேர் பிறந்து வெளியே ஓடும். குழி ஆழத்தினும் அகலத்தாற் பெரிதாயிருக்கட்டும். தண்டும் வேரும் கூடும் இடம் நிலமட்டத்துக்குக் கீழே புதையலாகாது. மணலோடு மக்கிய எருவைக் கலந்து, மேலே சருகு மூடினால், அடுத்த கச்சான் வருமுன் கன்று வேரூன்றிவிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மரநடுகை நாட்களில் நூற்றுக்கணக்கான கன்றுகள் மாணவர் கையிற் கொடுக்கப்படுகின்றன. எத்தனை கன்று கொடுத்தோம் என்பதே பெரும்பாலும் ஏட்டிற் பதியப்படுகின்றது. அவற்றுள் ஒரு கன்றையேனும் மாணவர் முன்னிலையிற் பை நீக்கி, மண்ணை உதிர்த்து, வேரைக் காட்டுங்கள். தாவரவியற் பாடத்தின் ஒரு பக்கத்தை அவர்கள் கையாலே தொட்டறிவர். அம்மாணவர் நாளை தம் வீட்டுக்குக் கன்று வாங்கச் செல்லும்போது, விலை கேட்குமுன் வேரைக் காட்டுமாறு கேட்பர். அவ்வாறு கேட்போர் பெருகினால், நாற்றுமேடைக்காரரும் காலங்கடந்த கன்றை விற்பனைக்கு வைக்கத் தயங்குவர்.