லைசன்ஸுக்கு எத்தனை பேர் போகும்?

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய், கொழுந்து நிறுத்து, கணக்குச் சரியாக வந்தால் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு பையன் லைசன்ஸ் எடுக்கப் புறப்பட்டால், வீட்டில் போடப்படும் கணக்கும் இதே அளவையில்தான்: எத்தனை பேர் போகும்?

எண்ணிப் பார்ப்போம். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மெடிக்கல் எடுக்க ஒரு நாள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயம் நுவரெலியாவில் இருக்கிறது; விண்ணப்பத்தோடு போக ஒரு நாள், எழுத்துப் பரீட்சைக்கு ஒரு நாள். தேறினால் பயிலுநர் அனுமதிப்பத்திரம், ஊர்ப் பேச்சில் லேர்னர்ஸ், கிடைக்கும். அது ஒன்றரை வருடம் செல்லும். ஆனால் மூன்று மாதம் கழிந்தால்தான் ட்ரயலுக்கு, அதாவது ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு, போகலாம். இடையில் பயிற்சிப் பாடசாலைக்குப் போகிற நாட்கள் வேறு. ட்ரயலில் தவறினால் இன்னொரு திகதி, இன்னொரு பேர். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏ-7 வீதியில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு லயத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கு இறங்கி வருவதுதான் பெரிய பயணம். அதிகாலை பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு அன்றைய நாள் போயிற்று.

இதெல்லாம் பேர் என்ற சொல்லின் ஒரு பொருள். மற்றப் பொருளான பெயர்தான் ஆளை அதிகம் அலைக்கழிக்கிறது.

விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். தோட்டத்தில் நடந்த பிறப்பைப் பதிவாளருக்கு அறிவிப்பது தோட்ட நிர்வாகத்தின் வேலையாக இருந்தது. அப்பா சொன்னது ஒன்று, கந்தோரில் எழுதிக் கொடுத்தது ஒன்று, பதிவாளர் சிங்களத்தில் எழுதியது இன்னொன்று. செல்வராஜ் ஒரு தாளில் செல்வராஜா. தகப்பன் பெயர் இன்னொரு தாளில் அவன் பெயராகவே நிற்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை முழுதாகத் திருப்பித் தர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்த சமூகம் இது. தாளில் பிழை என்பது இங்கே வெறும் எழுத்துப் பிழையல்ல. பாட்டன் காலத்துப் பயம். திருத்தத்துக்கு அலையும்போது மெடிக்கல் சான்றிதழ் செல்லுபடியாகும் ஆறு மாதம் ஓடி முடிந்துவிடும். மறுபடி மெடிக்கல், மறுபடி ஒரு பேர்.

எல்லாம் தாண்டினாலும் சாதாரண சேவையில் லைசன்ஸ் அட்டை தபாலில்தான் வரும். நூறு குடும்பத்துக்கு ஒரே தோட்ட விலாசம். டொலர் இல்லாத 2022இல் அட்டை அச்சிட பிளாஸ்டிக்கே தட்டுப்பாடாகி, இலட்சக்கணக்கானோர் தற்காலிகக் காகிதத்தோடு திரிந்தார்கள். மலையகத்துக்கு அந்தக் காத்திருப்பு புதிதல்ல.

ஆகவே பையன்கள் லைசன்ஸ் இல்லாமலே ஓட்டுகிறார்கள். தோட்டத்து ரோட்டில் யார் மறிக்கப் போகிறார்கள்? இரவில் பிள்ளைவலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது பக்கத்து லயத்து ஆட்டோதான். அப்போது அட்டை கேட்பாருமில்லை. ஏ-7இல் ஏறியதும் கதை மாறும். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவது உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று 2017க்கான வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தபோது, தனியார் பஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அந்தத் தொகை பதினெட்டுப் பேருக்கும் மேல்.

பரீட்சையை இலகுவாக்கு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. 2023 ஜனவரியில் நானுஓயா றதெல்ல குறுக்கு வீதியில் நடந்த விபத்தில் ஏழு உயிர் போயிற்று. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்த வளைவுகளில் ஓட்டுபவன் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டவனாக இருக்க வேண்டும். சோதனை கடினமாக இருக்கட்டும். சோதனைக்குப் போகும் வழி ஏன் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும்? அடையாள அட்டைக்கு நடமாடும் சேவை தோட்டங்களுக்கு வந்திருக்கிறது. எழுத்துப் பரீட்சைக்குத் தேவை ஒரு மண்டபமும் மேசைகளும். மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் பாடசாலைகள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அவை காலியாகத்தான் கிடக்கின்றன. திணைக்களம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே வரட்டும்.

அதுவரை, புறப்படப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்து, உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த திகதி மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துத் திருத்துங்கள். மெடிக்கல் எடுப்பது அதற்குப் பிறகு.